பல குரலும் ஒரு பாட்டும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் சேர்ந்திசை. பலர் கூடி ஒரு மெட்டை ஒரே குரலாகப் பாடுவது நமக்குப் புதிதன்று. மார்கழி வைகறையில் திருவெம்பாவை பாடி வருவோரையும், மடத்தில் பஜனை பாடுவோரையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நான் சொல்ல வந்தது அதிலிருந்து சற்று வேறானது. பலர் கூடி, ஒரே பாட்டில், ஒரே நேரத்தில், வெவ்வேறு மெட்டுக்களைப் பாடுவது. அவை ஒன்றையொன்று கெடுக்காமல், ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும்படி பாடுவது. அத்தகைய இசையை நம் காலத்துக்கு அண்மையில் எவ்வாறு ஆக்கினார்கள், எவ்வாறு ஆராயலாம், எவ்வாறு கற்பித்தார்கள் என்பதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

உலகமெல்லாம் சுற்றிப் பேசினால் ஒன்றும் கைக்கு அகப்படாது. ஆகையால் ஒரு நாட்டையும் இரண்டு மனிதரையும் மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். நாடு ஹங்கேரி. மனிதர் இருவரில் மூத்தவர் சோல்டான் கொடாய். 1882ஆம் ஆண்டு கெச்கெமேட் என்னும் ஊரில் பிறந்து, 1967ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில் காலமானவர். இளையவர் யோர்ஜ் லிகெட்டி. 1923இல் பிறந்து 2006இல் மறைந்தவர். முன்னவர் குழந்தைகளுக்குப் பாட்டு எழுதியவர் என்றும், பின்னவர் பாமரர் காதுக்கு எட்டாத புதுமையைச் செய்தவர் என்றும் சொல்வார்கள். இந்த இருவரும் ஒரே வேரில் கிளைத்தவர்கள் என்பதே நான் இன்று உங்கள் முன் வைக்கும் கருத்து.

முதலிலே ஆக்கத்தைப் பார்ப்போம்.

கொடாய் இளைஞராக இருந்த காலத்தில் ஹங்கேரி நாடு ஆஸ்திரியப் பேரரசோடு பிணைக்கப்பட்டிருந்தது. படித்தவர் வீட்டுச் சங்கீதம் பெரும்பாலும் ஜெர்மானியச் சங்கீதமாகவே இருந்தது. கிராமத்துக் குடியானவன் பாடிய பாட்டு நகரத்தார் காதில் விழவில்லை. விழுந்தாலும் அதனை இசையென்று அவர்கள் மதிக்கவில்லை. கொடாய் 1905ஆம் ஆண்டு கிராமங்களுக்குப் புறப்பட்டார். அவருடைய நண்பர் பேலா பார்ட்டோக் என்பவரும் இப்பணியில் சேர்ந்தார். மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் போனோகிராப் கருவியைச் சுமந்துகொண்டு ஊரூராகப் போய், கிழவர் கிழவியரைப் பாடச்சொல்லிப் பதிவு செய்தார்கள். 1906ஆம் ஆண்டு கொடாய் தம் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வும் ஹங்கேரிய நாட்டுப்பாடல்களின் செய்யுள் அமைப்பைப் பற்றியதே.

அவர்கள் கண்டது என்ன? பழைய பாட்டுக்களிற் பல ஐந்து சுரங்களிலே அமைந்திருந்தன. நமது சங்கீதத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதனைச் சொல்வது எளிது. மோகன ராகமும் சுத்த தன்யாசியும் எவ்வாறு ஐந்து சுரங்களால் நிற்கின்றனவோ, அவ்வாறே அவையும் நின்றன. ராகத்தின் வளைவுகளும் கமகங்களும் அங்கே இல்லை. சுர அடுக்கு மாத்திரமே ஒத்திருக்கிறது. மெட்டு மேலே தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கும். முதற்பாதியில் பாடியதையே பிற்பாதியில் ஐந்து சுர எட்டுக் கீழே இறக்கிப் பாடுவதும் உண்டு. மயிலைப் பறக்கச் சொல்லும் பழைய பாட்டு ஒன்று இந்த வகையைச் சேர்ந்தது. அதனை அடியாகக்கொண்டு கொடாய் பின்னர் வாத்தியக் குழுவுக்கும் ஒரு பெரிய படைப்பைச் செய்தார்.

பாட்டைத் தேடிப் போனவர்களுக்கு மொழியும் சேர்ந்து கிடைத்தது. ஹங்கேரிய மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும். நம் மொழியிற் போலவே அங்கும் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றிவிடும். ஜெர்மானிய மெட்டுக்களோ பெரும்பாலும் அழுத்தமில்லாத அசையில் தொடங்கி அழுத்தமுள்ள அசைக்கு ஏறுவன. அம்மெட்டில் ஹங்கேரியச் சொல்லைத் திணித்தால் குறில் நெடிலாகும், நெடில் குறிலாகும், அழுத்தம் இடம்மாறும். பாடுகிறவன் தன் தாய்மொழியை அந்நியன் பேசுவது போலப் பேசுவான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அப்படியே பாடிக்கொண்டிருந்தார்கள். தாய்மொழி நாவில் நொண்டினால் கல்வி எப்படி நேராக நடக்கும் என்பதே கொடாயின் கவலை.

1923ஆம் ஆண்டு புடா, பெஸ்ட் முதலிய நகரங்கள் ஒன்றாகி ஐம்பது ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடும் விழாவுக்காக அவர் ஒரு பெரிய சங்கீதப் படைப்பைச் செய்தார். தனிக்குரலும் பாடகர் குழுவும் வாத்தியங்களும் சேர்ந்த அப்படைப்பு அவருடைய பெயரை உலகறியச் செய்தது. அதன் பிறகு மனிதர் என்ன செய்தார்? பெரும்புகழைத் தேடி மேலும் பெரிய படைப்புக்களின் பின்னே மாத்திரம் போகவில்லை. 1925ஆம் ஆண்டு புடாபெஸ்ட் பாடசாலை ஒன்றின் சிறுவர்களுக்காகச் சேர்ந்திசைப் பாட்டுக்கள் எழுதினார். அன்று தொடங்கி வாழ்நாள் முழுவதும் குழந்தைகளுக்கு எழுதிக்கொண்டேயிருந்தார். நண்பர் பார்ட்டோக்கும் 1935, 1936ஆம் ஆண்டுகளில் சிறுவர்களுக்கும் மகளிர்க்குமாக இருகுரல், முக்குரல் பாட்டுக்கள் இருபத்தேழு எழுதினார். குழந்தைகளுக்குத் தானே என்று இருவரும் தாழ்ந்த சரக்கைக் கொடுக்கவில்லை. சிறிய பாத்திரத்தில் ஊற்றுவதும் நல்ல பாலாகவே இருக்கவேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம்.

1929ஆம் ஆண்டு குழந்தைகளின் சேர்ந்திசையைப் பற்றி எழுதிய கட்டுரையிலே கொடாய் ஒரு கருத்தைச் சொன்னார். தலைநகரத்து இசை நாடக மாளிகைக்கு யார் இயக்குநர் என்பதைக் காட்டிலும், கிஷ்வார்டா என்னும் சிற்றூரில் பாட்டு வாத்தியார் யார் என்பதே முக்கியமானது என்பது அதன் சாரம். மாளிகையின் இயக்குநர் தவறினால் அவரை மாற்றிவிடலாம். சிற்றூர் வாத்தியார் தவறினால் ஆண்டுதோறும் வரும் பிள்ளைகளின் சங்கீத ஆசையே பட்டுப்போகும் அல்லவா?

இனிக் கற்பித்தலைச் சொல்கிறேன். ஆராய்ச்சியைக் கடைசிக்கு வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அது பின்னர் விளங்கும்.

கொடாய் முறை என்று உலகம் இன்று சொல்வது அவர் தனியாக இருந்து கண்டுபிடித்ததன்று. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் சாரா குளோவர் என்ற அம்மையாரும், அவர் வழியைத் திருத்தி வளர்த்த ஜோன் கர்வன் என்ற பாதிரியாரும் பாமர மக்களுக்குப் பாட்டுப் படிக்கக் கற்பிக்க டோ, ரே, மி என்னும் எழுத்துக்களைப் பயன்படுத்தினார்கள். இங்கே ‘டோ’ என்பது நிலையான ஓர் ஒலியன்று. எந்தச் சுருதியில் தொடங்கினாலும் தொடங்குமிடமே டோ. நம் ஸட்ஜம் பாடுகிறவர் சுருதிக்கு ஏற்ப இடம்மாறுவதை அறிந்த உங்களுக்கு இதில் வியப்பொன்றுமில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் கர்வன் வகுத்த கைச்சைகையும், தாள அளவுகளுக்குப் பிரான்சு நாட்டிலிருந்து வந்த சொற்கட்டும் சேர்க்கப்பட்டன. கொடாயும் அவருடைய மாணாக்கரும் இவற்றையெல்லாம் தங்கள் நாட்டுப்பாட்டோடு இணைத்து ஒழுங்கு செய்தார்கள். அம்மாணாக்கருள் ஒருவரான யெனோ ஆடாம் 1944ஆம் ஆண்டு ஆசிரியர்களுக்கு ஒரு கைந்நூல் எழுதினார்.

முறையின் அடிப்படை எளிது. முதலிலே காது, பிறகு கை, அதன் பின்னரே ஏடு. பிள்ளை முதலில் இரண்டே சுரத்தில் பாடுகிறது. நம் கணக்கிற் சொன்னால் பஞ்சமமும் அந்தர காந்தாரமும். அயல்வீட்டுப் பிள்ளையைக் கூவி அழைக்கும் குழந்தைகளின் குரலிற் பல நாடுகளில் இந்த இறக்கத்தைக் கேட்கலாம். பிறகு மூன்றாவது சுரம், பிறகு ஐந்து, அதற்குப் பின்னரே ஏழு. ஐந்து சுரம் முதலில் வருவதற்குக் காரணம், அவற்றுள் மிக நெருங்கிய அரைச்சுர இடைவெளி இல்லாமையால் இளங்குரல் சுருதி தவறாமல் நிற்பது எளிது என்பதே.

ஆசிரியர் வகுப்பை இரண்டாகப் பிரிக்கிறார். வலக்கையால் ஒரு பாதிக்கு ஒரு சுரத்தைக் காட்டுகிறார்; இடக்கையால் மறுபாதிக்கு வேறு சுரத்தைக் காட்டுகிறார். அந்த நிமிடத்தில் அங்கே சேர்ந்திசை பிறந்துவிடுகிறது. பியானோ இல்லை, புத்தகம் இல்லை, பணச்செலவு இல்லை. சொல்லப்போனால் பியானோவைத் தள்ளி வைக்கவேண்டும் என்பதே கொடாயின் வற்புறுத்தல். 1941ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட இருகுரற் பயிற்சிகளின் நோக்கம் அதுவே. பியானோவின் சுரங்கள் எல்லாச் சுருதிக்கும் பொதுவாக இருக்கும்பொருட்டுச் சிறிது சிறிது விலக்கி அமைக்கப்பட்டவை. அதனைப் பிடித்துக்கொண்டு பாடிப் பழகியவன் தூய சுருதியை அறியமாட்டான். பக்கத்திலே நிற்பவனுடைய குரலைக் கேட்டு, அதற்குத் தன் குரலைப் பொருத்தவேண்டும். நாதஸ்வரக் கச்சேரியிலே ஒத்துப் பிடிப்பவரை நாம் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் அந்த ஒத்து இல்லாமல் நாயனம் எங்கே நிற்கும்? சேர்ந்திசையில் ஒவ்வொருவனும் மற்றவனுக்கு ஒத்து.

1950ஆம் ஆண்டு கெச்கெமேட் நகரிலே, கொடாய் பிறந்த ஊரிலேயே, பாட்டை அன்றாடப் பாடமாகக் கொண்ட ஓர் ஆரம்பப் பாடசாலை தொடங்கிற்று. 1964இல் புடாபெஸ்டில் கூடிய சர்வதேச இசைக்கல்வி மாநாட்டில் பிறநாட்டு ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைகளின் திறமையைக் கண்டு வியந்தார்கள். 2016ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் நாட்டுப்பாட்டு மரபைக் காக்கும் நல்வழிகளுள் ஒன்றாக இம்முறையை ஏற்றுக்கொண்டது.

இவ்விடத்திலே பெரியோர்களில் யாராவது, “எல்லாம் நல்லதுதான் தம்பி, பிள்ளைகள் பாடியதால் நாட்டுக்கு என்ன வந்தது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடையாகவே லிகெட்டியின் கதையைச் சொல்லப் போகிறேன்.

லிகெட்டி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1944ஆம் ஆண்டு கட்டாய வேலைப்படையில் தள்ளப்பட்டார். அவருடைய தந்தையும் தம்பியும் நாஜிகளின் முகாம்களில் மடிந்தார்கள். போர் முடிந்தபின் புடாபெஸ்ட் இசைக் கல்லூரியிற் படித்து, நாட்டுப்பாட்டு ஆராய்ச்சியும் செய்து, 1950 முதல் கொடாயின் ஆதரவோடு அக்கல்லூரியிலேயே ஆசிரியரானார். பல குரல்களைப் பொருத்தும் இலக்கணத்தைக் கற்பித்தார்.

அக்காலத்து ஹங்கேரியில் ஆட்சியாளர்களும் சேர்ந்திசையை விரும்பினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆனால் அவர்கள் விரும்பியது வேறு. ஆயிரம்பேர் ஒரே வாயாகத் தலைவரைப் புகழும் பாட்டு. அணிவகுத்து நடப்பதற்கான பாட்டு. வெகுசனப் பாட்டு என்று அதற்குப் பெயர். 1955ஆம் ஆண்டு லிகெட்டி ‘இரவு’, ‘காலை’ என்று எட்டுக் குரல்களுக்கு இரண்டு சிறு படைப்புக்கள் செய்தார். அவை அந்நாட்டில் அப்போது மேடையேறவில்லை. 1956இல் மக்கள் கிளர்ச்சியைச் சோவியத் படை அடக்கியபின், அவ்வாண்டின் இறுதியில் அவர் நாட்டைவிட்டு வெளியேறி வியன்னா நகரம் சேர்ந்தார்.

பத்தாண்டு கழித்து, 1966இல், ‘நித்திய ஒளி’ என்று பொருள்படும் லத்தீன் பெயரோடு ஒரு சேர்ந்திசைப் படைப்பை எழுதினார். இறந்தோருக்காகக் கிறிஸ்தவர் ஆலயத்தில் ஓதும் வழிபாட்டிலிருந்து எடுத்த சில சொற்களே அதன் சாகித்தியம். பதினாறு குரல்கள், வாத்தியம் இல்லை, ஏறக்குறைய ஒன்பது நிமிடம். 1968ஆம் ஆண்டு ஸ்டான்லி கியூப்ரிக் எடுத்த விண்வெளிச் சினிமாப் படத்தில் இது ஒலித்ததால், சேர்ந்திசை என்றால் என்னவென்று அறியாத பலரும் இதனைக் கேட்டிருக்கிறார்கள். முதன்முறை கேட்பவருக்கு மெட்டும் தெரியாது, தாளமும் தெரியாது. மலைமேல் மேகம் மெல்ல உருமாறுவது போல ஒலி மாறிக்கொண்டேயிருக்கும், அவ்வளவுதான்.

இப்போது ஆராய்ச்சிக்கு வருவோம். சங்கீதத்தை ஆராய்ந்தால் அதன் அழகு கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுவர். இந்த மேகத்தைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால் அந்த அச்சம் தானே நீங்கும்.

தொடக்கத்தில் எட்டுப் பெண்குரல்கள் ஒரே சுரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நுழைகின்றன. எட்டுக்கும் கொடுத்திருக்கும் சுரவரிசை ஒன்றே. ஒருத்தி பாடிய சுரங்களையே அடுத்தவளும் அதே வரிசையிற் பாடுகிறாள். ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் நிறுத்தும் கால அளவு ஆளுக்காள் வேறு. ஒருத்தி ஓர் அட்சரத்தை மூன்றாகப் பிரித்துப் பாட, வேறொருத்தி நான்காகவும், இன்னொருத்தி ஐந்தாகவும் பிரிக்கிறாள். நம் தாளமொழியில் திசிரமும் சதுசிரமும் கண்டமும் ஒரே வேளையில் ஓடுகின்றன. எவரும் எந்த இடத்தையும் அழுத்திப் பாடக்கூடாது. ஒவ்வொரு நுழைவும் மிக மென்மையாக இருக்கவேண்டும். ஆகவே ஒரு குரல் எங்கே தொடங்கிற்று, மற்றது எங்கே விட்டது என்பது கேட்பவருக்குத் தெரிவதில்லை. ஒரே பாதையில் எட்டுப்பேர் வெவ்வேறு நடையில் போகிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கிற நமக்கு அது மேகமாகத் தோன்றுகிறது. முடிவிலே ஏழு அளவுக்கு யாரும் பாடுவதில்லை. அந்த மௌனத்தையும் இசைப்புலவர் எண்ணி எழுதி வைத்திருக்கிறார்.

ஒருவர் பாடியதை மற்றவர் சற்றுப் பின்தங்கித் தொடரும் இந்த அமைப்புக்குக் கானன் என்று பெயர். பள்ளிப்பிள்ளைகள் ஒரு பாட்டை ஒரு வரிசை தொடங்க, மறுவரிசை ஓரடி கழித்துத் தொடங்கிப் பாடி விளையாடுவதும் இதுவே. கொடாய் முறையில் சிறு பிள்ளைகள் பழகும் கானனும், லிகெட்டியின் பதினாறு குரல் மேகத்துக்கு எலும்புக்கூடாக நிற்கும் கானனும் ஒரே இனம். நான் தொடக்கத்தில் ஒரே வேர் என்று சொன்னது இதைத்தான். முதன்முதல் 1966இல் இதனைப் பாடியவர்கள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துக் குழுவினர். அவர்களைக் கொடாய் பயிற்றினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆக்கியவர், குரல்களைப் பொருத்தும் கலையை அன்றாடப் பாடமாகக் கற்றும் கற்பித்தும் வந்த ஒரு சூழலில் விளைந்தவர். நுனியிலே காணும் புதுமைக்கு அடியிலே வாத்தியாருடைய உழைப்பு இருக்கிறது.

ஆராய்ச்சியைக் கடைசிக்கு வைத்த காரணமும் இதுதான். பாடிப் பார்க்காமல் ஏட்டை மாத்திரம் வைத்து ஆராய்கிறவனுக்குப் பதினாறு வரிகளும் வெறும் புள்ளிகள். இருகுரலிற் பாடிப் பழகிய பிள்ளைக்கோ அவை பதினாறு மனிதர். எந்தச் சேர்ந்திசையை ஆராயப் புகுந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சொல்லை இப்போது தாங்குவது எந்தக் குரல்? குரல்கள் எங்கே சந்திக்கின்றன, எங்கே பிரிகின்றன? மூச்சு வாங்க ஆக்கியவர் எங்கே இடம் வைத்தார்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால் அப்பாட்டிற் பாதி விளங்கிவிடும்.

இளைஞர்களே, கூட்டம் வேறு, குழு வேறு. ஊர்கூடித் தேர் இழுக்கும்போது எல்லாரும் ஒரே வடத்தை ஒரே பக்கம் இழுக்கவேண்டும். அது தேருக்குப் பொருந்தும். மனிதர் எல்லாக் காரியங்களிலும் அப்படி இழுக்கப்பட்டால் என்ன நேரும் என்பதை 1950களின் ஹங்கேரி கண்டது. ஆயிரம்பேர் ஒரே சொல்லைக் கத்தும்போது ஒருவன் நிறுத்தினாலும் தெரியாது, பிழைவிட்டாலும் தெரியாது. அவன் அங்கே இருந்தானா என்பதே தெரியாது. நான்கு குரற் பாட்டிலோ ஒருவன் சோர்ந்தால் பாட்டு நொண்டும். அதேவேளை, தன் குரலே பெரிதென்று ஒருவன் உரத்துப் பாடினாலும் பாட்டுக் கெடும். தன் வழியை விடாமலும் பிறர் வழியை மறிக்காமலும் நிற்கும் பழக்கத்தைச் சேர்ந்திசை தொண்டையிலும் காதிலும் ஏற்றிவிடுகிறது. பிள்ளைகள் பாடியதால் நாட்டுக்கு என்ன வந்தது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடை இது.

இதெல்லாம் மேனாட்டார் விஷயம் என்று ஒதுக்குவாரும் இருக்கலாம். தமிழிலும் இம்முயற்சி நடந்ததுண்டு. திரைப்பட இசையமைப்பாளராகப் பெயர்பெற்ற எம். பி. சீனிவாசன் (1925–1988) சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழு ஒன்றை அமைத்து, பாரதியார் பாடல்களைப் பல குரல்களுக்கு இசையமைத்துப் பாடுவித்தார். வாத்தியப் பயிற்சியும் சாஸ்திரப் பயிற்சியும் இல்லாத இளைஞர்கள் அவர் குழுவிற் பாடினார்கள்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரு ராகத்தின் கமகங்களை வெட்டிவிட்டு அதன்மேல் மற்றொரு குரலை ஏற்றினால் ராகமும் போம், சேர்ந்திசையும் வாராது. கொடாய் தம் முறையைப் பிறர் அப்படியே பெயர்த்துக்கொள்ளும்படி சொல்லவில்லை. ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் நாட்டுப்பாட்டில் தொடங்கவேண்டும் என்பதே அவருடைய கொள்கை. தாலாட்டும், ஊஞ்சற்பாட்டும், வயற்பாட்டும் நம்மிடம் இருக்கின்றன. முதலில் அவற்றைக் கேட்டு, பதிந்து, ஆராய்ந்து, எந்தப் பாட்டு இரண்டாவது குரலைத் தாங்கும், எது தாங்காது என்று அறிந்தபின்னரே எழுதுகோலை எடுக்கவேண்டும். கிராமத்துக்குப் போன ஆண்டுக்கும் சிறுவர்க்கு எழுதத் தொடங்கிய ஆண்டுக்கும் இடையில் கொடாய்க்கு இருபது ஆண்டு சென்றது.

மன்றத்தாரிடம் ஒரு வேண்டுகோளோடு அமர்கிறேன். வாரத்தில் ஒரு மாலை, அரைமணி நேரம், பத்துப் பேர் போதும். ஐந்துபேர் ஸட்ஜத்தைப் பிடித்து நிற்கட்டும். மற்ற ஐந்துபேர் அதன்மேல் மெல்லப் பஞ்சமத்தைச் சேர்க்கட்டும். இரண்டும் சரியாகப் பொருந்தும்வரை யாரும் குரலை உயர்த்தவேண்டாம். பொருந்தியதா இல்லையா என்பதை ஒருவர் வந்து சொல்லத் தேவையில்லை. உங்கள் காதே சொல்லும். அடுத்த வாரம் இடம்மாறிப் பாடுங்கள்.